எரு வியாபாரமும் அயிபும்



கெடாவின் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் லயத்துப் பின்கட்டில் கீரைப் பாத்தி போடும் பழக்கம் நம் ஜனங்களை விட்டுப் போகவில்லை. அவர்களை நம்பித்தான் நாமும் கடை வாசலில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் எரு மூட்டையை அடுக்கினோம். டவுன் குப்பையை மக்க வைத்துச் செய்த எரு. விலை மலிவு, வாடையும் இல்லை.

சென்ற நோன்புக்கு முன் தோட்டத்து வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் பாதி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார். உள்ளே கண்ணாடிச் சில், பிளாஸ்டிக் துண்டுகள், நடுவே துருப்பிடித்த டார்ச் பாட்டரி ஒன்று.

“பாய், பேரப்பிள்ளை அந்த மண்ணிலேதான் விளையாடுறான். இது என்ன எரு?”

“டவுன் குப்பையிலே செஞ்சதும்மா. மொத்தக்காரர் கொடுத்தார்.”

சொல்லும்போதே நாக்குக் கூசிற்று. இதை விற்ற அன்றைக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

சாணத்தை விற்கலாமா என்பதில் இமாம்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. நஜீஸை விற்பது கூடாதென்பது ஷாபிஈ மத்ஹபு. எருவுக்காகச் சாணம் விற்பது கூடும் என்பது ஹனபி மத்ஹபு. ஒரு பொருள் தன் தன்மை முழுதும் மாறிப்போனால், உப்பளத்தில் விழுந்து உப்பாகவே ஆகிவிட்ட பிராணியைப் போல, சுத்தமாகிவிடும் என்றும் ஹனபிகள் சொல்வர். (நாம் மதரஸாவில் ஓதியது கொஞ்சம், பிழையிருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக.) எருக் குவியலில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. சரியாகக் கிளறிவிட்டு வந்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். பல நாள் அச்சூடு நின்றால் நோய்க் கிருமியும் புழு முட்டையும் செத்துப்போகும், அழுகல் மண்ணாகும்.

ஆனால் ஈயம் மாறாது. காட்மியமும் பாதரசமும் மாறா. எத்தனை நாள் மக்கினாலும் அவை அவையே. குவியல் வற்றிச் சுருங்கும்போது அவற்றின் வீதம் கூடவும் செய்யும். காட்மியம் கீரையின் இலைக்கே ஏறும். ஈயம் மண் தூசியாய் இலையிலும் குழந்தையின் விரலிலும் ஒட்டும். இவ்வளவு வரை ஈயத்தால் தீங்கில்லை என்று காட்டத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பாதிக்கப்படுவது பிள்ளைகளின் மூளை.

போபாலிலுள்ள இந்திய மண்ணியல் கழகத்தார் 29 நகரங்களின் குப்பை எருவைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கும் குப்பையை ஆரம்பத்திலேயே பிரித்துச் செய்த எருவில், எல்லாம் கலந்து செய்த எருவைவிட ஈயம் சராசரி 84 விழுக்காடு குறைவாக இருந்தது. சத்தும் கூடுதல். ஆகவே குப்பை எருவே ஆகாதென்பதல்ல; கலந்த குப்பைதான் ஆகாது.

ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரங்கண்டு, ஜனங்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட செய்தி நாமெல்லாம் அறிந்ததே. “அந்த வியாபாரிக்கு ஈரம் தெரியும், கட்டி வந்த மூட்டைக்குள் இருப்பது நமக்குத் தெரியுமா?” என்று கடைக்கார நண்பர் ஒருவர் வாதாடினார். தெரியாதுதான். ஆனால் மூட்டையில் ஊசி குத்தி நாலு மணி எடுத்துக் கடித்துப் பாராமல் நாம் அரிசி கொள்முதல் செய்கிறோமா? அரிசி கெட்டால் நஷ்டம் நமக்கு. எரு கெட்டால் நஷ்டம் வாங்குகிறவருக்கு. அதனால்தான் கேளாமல் இருந்தோம். அப்படிக் கேளாதிருந்ததும் அயிபை மறைத்ததாகவே எமக்குப் படுகிறது.

இன்னொன்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. அந்தப் பாட்டரி யார் போட்டது? விற்காமல் கசிந்துபோன பாட்டரி, உடைந்த டியூப் லைட், பெயிண்டு டின் எல்லாவற்றையும் அழுகிய வெங்காயத்தோடு ஒரே பையில் கட்டி வீசுகிறவர்கள் நாமேயல்லவா? கெடாவில் குப்பையைப் பிரித்துப் போடவேண்டுமென்ற விதி 2015 செப்டம்பர் 1-இல் வந்தது. 2016 ஜூனிலிருந்து அபராதமும் உண்டு. நம் கடைத்தெருப் பின்சந்தைப் பார்த்தால் அப்படியொரு விதி இருப்பதாகவே தோன்றாது.

அம்மாளுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். மொத்தக்காரர் மூட்டைகளைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். குறையைச் சொல்லிப் பூச்செடிக்கென்று பாதி விலைக்கு ஒன்றை விற்றோம். குறை தெரிந்து வாங்கினால் வியாபாரம் செல்லும் என்பது சரி. ஆனால் அந்த வீட்டுக்கு நாளை குடிவருகிறவர் அதே மண்ணில் கீரை போட்டால் அவரிடம் யார் சொல்வது? அத்தோடு நிறுத்திவிட்டோம். மூன்று மூட்டைகள் இன்னும் கடைக்குப் பின்னால் கிடக்கின்றன. என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது ஆலையில் பழம் உதிர்த்த செம்பனைக் குலையில் செய்த எருவும் ஆட்டுப் புழுக்கையும் வைத்திருக்கிறோம். விலை கூடுதல், ஓட்டம் குறைவு. போன வாரம் அந்த அம்மாள் வந்தார். மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே காசை எடுத்தார்.