கணக்கில் வராதவர்கள்

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி. பெரம்பலூர் மாவட்டத்தின் இந்த ஊரில், துபாய், சவூதி, குவைத் என்று ‘சபர்’ போன ஆண்கள் ஏராளம்.

ஒரு கற்பனை. ஆய்வுக் குழு ஒன்று இந்த ஊருக்கு வருகிறது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, இருக்கிற இளைஞர்களுக்கெல்லாம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறது. பக்கத்து ஊர்களைவிட இங்கே நுரையீரலில் தழும்பு உள்ளவர்கள் அதிகம் என்று சொல்கிறது. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் செய்தி! ஆற்றுத் தண்ணியா, சூளைப் புகையா என்று டீக்கடையில் பட்டிமன்றமே ஆரம்பித்துவிடும்.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. கூட்டல், வகுத்தலும் சரி. ஆனால், முடிவு தப்பாக இருக்கலாம். எப்படி?

வளைகுடாவில் வேலைக்குப் போக வேண்டுமானால் மெடிக்கல் டெஸ்ட் உண்டு. பழைய டி.பி. தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ ஆகிவிடலாம். ஃபிட் ஆனவர் விமானம் ஏறிவிட்டார். கதவைத் தட்டியபோது வீட்டில் இருந்தவர், அன்ஃபிட் ஆனவர். ஆக, குழு அளந்தது ஊரின் நோயை அல்ல. விசாவுக்கான சல்லடையில் தங்கியதை!

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேலன்ஸ் ஷீட் டேலி ஆவது வேறு, கணக்கு உண்மையாக இருப்பது வேறு. எழுதாமலே விட்ட வவுச்சரை எந்தக் கூட்டலும் காட்டிக் கொடுக்காது.

இப்போது கேள்விக்கு வருவோம். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவர், தப்பான முறையில் கணக்குப் போட்டு, தப்பான முடிவைச் சொன்னால், அது வெறும் கணக்குப் பிழையா? அறப் பிழையா?

“பாவம் சார், அவருக்கென்ன தெரியும்” என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. அந்த எண்ணை வைத்து ஒரு பையனின் கல்யாணம் தட்டிப்போகலாம். தேவையில்லாத ஒரு மருந்து ஆயிரம் பேர் வயிற்றில் போகலாம். ‘வீட்டில் இல்லாதவர்கள் எங்கே?’ என்று கேட்டிருக்க முடியும், கேட்கவில்லை. அந்த அசிரத்தைக்கு அவர்தான் பொறுப்பு.

சரி, ஒழுங்காகக் கணக்குப் போடுவது எப்படி? அதற்கு நம்ம சென்னையே உதாரணம்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. ஆனால், நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள்.

இங்கேதான் சிக்கல். யாரை சானடோரியத்துக்கு அனுப்புவது? டாக்டர் தேர்ந்தெடுத்தால், நோய் முற்றியவர்கள் ஒரு பக்கம் குவிந்துவிடுவார்கள். நோயாளியே தேர்ந்தெடுத்தால், வசதியானவர்கள் இன்னொரு பக்கம். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? அதனால், 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

“அதெப்படி? மனித உயிரில் குலுக்கல் சீட்டா?” என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். ஆனால் யோசியுங்கள். எது நல்லது என்று யாருக்குமே நிஜமாகத் தெரியாத நிலையில், குலுக்கலைவிட நேர்மையான வழி எது? நம் ஊரில் ஆஸ்பத்திரிப் படுக்கை சிபாரிசுக் கடிதத்தில் கிடைத்த காலம் உண்டு. சீட்டுக்கு மாமன், மச்சான் கிடையாது. எது நல்லது என்று தெரிந்துகொண்டே குலுக்கினால்தான் அது அநியாயம்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷ சிகிச்சையின் முடிவில் சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கும், வீட்டில் 86 சதவிகிதம் பேருக்கும் நோய்க் கிருமி அடங்கியிருந்தது. ‘ஆறு சதவிகிதம் கூடுதலாச்சே’ என்று தோன்றும். ஒவ்வொரு பக்கமும் எண்பது, தொண்ணூறு பேரே இருக்கும்போது, இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கோ சாப்பாடும் சுமார், இடமும் நெருக்கடி. அப்படியிருந்தும் இந்த அளவுக்குத் தேறினார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே குணமாக வழி திறந்தது இந்த ஆய்வுதான்.

நேர்மையான கணக்கு எப்போதும் இனிப்பான பதிலையே தராது. 1968-ல் செங்கல்பட்டு வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பெரிய சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை வருஷம் காத்திருந்து பார்த்தால், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவே இல்லை! அந்தக் கசப்பையும் அப்படியே வெளியிட்டார்கள். பதினைந்து வருஷக் கணக்கும் அதையேதான் சொன்னது. (குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கடும் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்குப் போடத் தவறாதீர்கள்.)

அடுத்த முறை ‘ஆய்வில் தகவல்’ என்று எதையாவது படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? பாதியில் விலகியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் கணக்கு என்ன? ‘ஆபத்து பாதியாகக் குறைந்தது’ என்றால், எத்தனையில் பாதி? ஆயிரத்தில் இரண்டு ஒன்றானாலும் பாதிதான். இருநூறு நூறானாலும் பாதிதான். மாத்திரை விற்பவர் ‘பாதி’ என்பார். விழுங்கப்போகிற நாம்தான் ‘எத்தனையில்?’ என்று கேட்க வேண்டும்.

புள்ளிவிவரம் என்பது முகங்களைக் கழற்றி வைத்துவிட்ட மனிதர்கள். கழற்றலாம், தப்பில்லை. ஆனால், எத்தனை முகம் என்று எண்ணும்போது ஒருவரையும் விட்டுவிடக் கூடாது.