பேனா நின்ற இடம்

நண்பனின் அப்பா காலமாகிவிட்டார். உடனே ஊருக்குப் போக முடியாத நிலை. கடிதமாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

'தங்கள் தந்தையாரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வேதனை அடைந்தேன். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.'

கை நிற்கவே இல்லை. அடுத்த வரியை 'உங்கப்பா எனக்கு...' என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பேனா நின்றுவிட்டது.

இந்தத் தயக்கத்தை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் ஃப்ரீடா கோல்ட்மன் ஐஸ்லர் என்ற ஆராய்ச்சியாளர், மனிதர்கள் பேசும்போது நடுநடுவே வரும் மௌனங்களை அளந்து, 1968-ல் புத்தகமே எழுதினார். எளிதில் ஊகிக்க முடிகிற வார்த்தை சரளமாக வந்துவிடுகிறது. எதிர்பாராத வார்த்தைக்கு முன்னால்தான் பேச்சு தயங்குகிறது என்பது அவர் கண்டது. இப்போது கம்ப்யூட்டரில் எந்த எழுத்தை எந்த விநாடியில் தட்டினோம் என்று குறித்துவைக்கும் மென்பொருள்களே வந்துவிட்டன. பழகிப்போன சொற்றொடர்கள் இடைவெளி இல்லாமல் கொத்தாக வந்து விழுவதை அதில் பார்க்கலாம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது ஸ்டாக் விவகாரமாகத்தான் படுகிறது. குடோனில் இருக்கும் சரக்கை எடுத்துக் கொடுக்க நேரமாகாது. இல்லாததைச் செய்துதான் தரவேண்டும். கஸ்டமர் காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ரெடிமேட் வார்த்தை எல்லாம் பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி அது. தயங்குவதெல்லாம் நேர்மையும் இல்லை. பொய்யை ஜோடிக்கிறவனும்தான் தயங்குவான். ஆனால் ஒன்று. என்னுடைய அந்த முதல் இரண்டு வரியை, எந்தச் சாவுக்கும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

மூன்றாவது வரியில் ஏன் நின்றேன் என்று யோசித்தேன். காலேஜ் கடைசி வருஷம், பரீட்சை ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நான் முழித்தபோது, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர். நான் திருப்பித் தரவில்லை. ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. என் ஸ்டாக்கில் அதற்கு வார்த்தை கிடையாது. அரை மணி நேரம் கழித்து, அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து நண்பன் போன் செய்தான்.

''லெட்டர் கிடைச்சுதுடா. கடைசி வரியைப் படிச்சதும் நீதான்னு தெரிஞ்சுது. அந்த முதல் ரெண்டு வரி யாருடா எழுதினது?''