திருத்திய குரலும் வாய்மையும்

பாடகர் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருக்கத்தோடு பாடி முடிக்கிறார். மூன்றாம் அடியில் குரல் சுருதியினின்றும் சற்றே இறங்கிவிட்டது. ஒலிப்பதிவாளர் அவரை மீண்டும் பாடுமாறு வேண்டுவதில்லை. கணிப்பொறியில் அவ்விடத்தைச் சுட்டி, இறங்கிய ஒலியை உரிய நிலைக்கு உயர்த்திவிடுகிறார். கேட்போர் எவரும் இதனை அறியார். இச்செயலில் குற்றம் உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. அற்ப விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

இதற்கான கருவிகளுள் பெயர் பெற்றது 'ஆட்டோ-ட்யூன்'. 1997-இல் இதனை வெளியிட்ட ஆண்டி ஹில்டபிராண்ட் என்பார், அதற்கு முன்னர் நிலத்தினுள் செலுத்திய அதிர்வுகளின் எதிரொலியைக் கணித்து எண்ணெய் இருக்குமிடம் காணும் துறையில் பணியாற்றியவர். அத்தகைய கணித வழியையே அவர் குரலின் சுருதியை அளக்கவும் கையாண்டார். பாடுவோரின் ஒலி எந்தச் சுரத்திற்கு அண்மையில் உள்ளதோ, அச்சுரத்திற்கு அதனைக் கருவி இழுத்து நிறுத்தும். மெதுவாக இழுக்கச் செய்தால் செவிக்குப் புலப்படுவது அரிது. கணப்பொழுதில் இழுக்கச் செய்தால் குரல் படிக்குப் படி தாவுவது போல் ஒலிக்கும். 1998-இல் ஷெர் என்னும் அமெரிக்கப் பாடகியின் 'பிலீவ்' பாடல் அவ்வாறு ஒலித்தே உலகெங்கும் பரவியது.

இயற்கைக்கு மாறானது என்ற ஒரே காரணத்தால் இதனை விலக்குவோர் உளர். அவ்வாதம் வலுவற்றது. ஒலிவாங்கியே இயற்கையன்று. ஒலிநாடா வந்த பின், பலமுறை பாடியவற்றுள் நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. 1902-இல் மிலான் நகரில் மெழுகுத் தட்டில் பதியப் பாடிய கரூசோவுக்குத்தான் அவ்வசதி இல்லை! ஆகவே, மாற்றுகிறோமா என்பதை விட எதை மாற்றுகிறோம் என்பதையே நோக்க வேண்டும்.

அயோவாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் கார்ல் சீஷோர், 1930-களில் தேர்ந்த பாடகர்களின் குரலைக் கருவி கொண்டு அளந்தார். நீண்ட சுரமொன்றில் அவர்கள் நிற்கையில், குரல் வினாடிக்கு ஆறேழு முறை, ஏறத்தாழ அரைச்சுர அளவு, மேலும் கீழும் அசைவது தெரிந்தது. அசையாது நேர்கோடாக நின்ற சுரம் அரிது. இத்தகைய விலகல்களே உணர்ச்சியைச் சுமப்பன என்பது அவர் கொண்ட முடிவு. கமகத்தில் பழகிய நம் செவிக்கு இது புதிதன்று. பன்னிரு கட்டங்களுக்குள் குரலை நிறுத்தும் கருவி, தோடியின் காந்தாரத்தைப் பிழையென்றே கொள்ளும். அது விலகலின் அளவை அறியுமேயன்றிக் காரணத்தை அறியாது.

காரணத்தை மனிதராவது உடனே அறிவரோ எனின், அதுவும் ஐயமே. பில்லி ஹாலிடே என்னும் அமெரிக்கப் பாடகி, 1958 பிப்ரவரியில் 'லேடி இன் சாட்டின்' என்ற இசைத்தட்டுக்காகப் பாடினார். வயது 42 தான். ஆயினும் மதுவும் போதைப் பொருளும் குரலைச் சிதைத்திருந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். அத்தட்டுக்கு இசையமைத்து நடத்திய ரே எல்லிஸ், பதிவின்போது அவர் பாடியதில் மனநிறைவு கொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்து முடிவான பதிவைக் கேட்டபோதுதான், தாம் இசைக் கணக்கை மட்டும் கேட்டு உணர்ச்சியைக் கேளாதிருந்தோம் என்பது அவருக்கு விளங்கிற்று. திருத்தும் கருவி அன்றே அவர் கைக்கு எட்டியிருந்தால்? அந்த முதல் மனக்குறையிலேயே அவர் அனைத்தையும் நேர்செய்திருக்கக் கூடும். பின்னர்க் கேட்டு உணர்வதற்கு எதுவும் எஞ்சியிராது. நாம் அஞ்சுவது இதனையே. திருத்தம் நொடியில் முடிகிறது. தீர்ப்போ வாரங்கள் கழித்து வருகிறது.

எனினும் கருவி உணர்ச்சிக்குப் பகை என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். தாயை இழந்த மறு ஆண்டில், 2008-இல், கான்யே வெஸ்ட் வெளியிட்ட இசைத்தொகுப்பில் அவர் குரல் நெடுகிலும் இக்கருவி வழியே, இயந்திரம் போல், வெளிப்படையாக ஒலித்தது. அதில் துயரம் குறையவில்லை. (அவருடைய பிற்காலப் பேச்சுகள் பல கண்டிக்கத்தக்கவை, அது வேறு செய்தி.) அவர் எவரையும் ஏய்க்கவில்லை என்பதே நம் கருத்துக்கு இன்றியமையாதது.

இதற்கு மாறாக, 2010-இல் பிரிட்டனின் 'எக்ஸ் பாக்டர்' பாட்டுப் போட்டியில், தேர்வுச் சுற்றுக் குரல்கள் சில ஒளிபரப்புக்கு முன் திருத்தப்பட்டன என்று நேயர்கள் குறை கூறினர். நடுவர் முடிவை அது பாதிக்கவில்லை என்றனர் தயாரிப்பாளர்கள். இருக்கலாம். ஆயினும் ஒருவர் தம் திறன் என்று காட்டியதை நம்பியே நேயர் மற்றவரோடு ஒப்பிட்டனர் அன்றோ? அங்கே திருத்தம் கரவாகிவிடுகிறது.

2002-இல் அலிசன் மூரர் என்னும் அமெரிக்கப் பாடகி, தமது 'மிஸ் பார்ச்சூன்' இசைத்தட்டின் உறையில், சுருதித் திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை என்ற அறிவிப்பை ஒட்டச் செய்தார். நாம் வேண்டுவது இதன் மறுபக்கம்: திருத்தியோர் அதனைக் குறிக்கட்டும். பாடலாசிரியர், வயலின் வாசித்தவர், ஒலிப்பதிவாளர் பெயர்களை அச்சிடும் இடத்தில் இதற்கு ஒரு வரி போதும்.