தேறியவனுக்கு மீண்டும் நோய் வந்தால்

கடன் தீர்ந்தது என்று பேரேட்டை மூடிய பின்னர் அதே கணக்கில் மற்றொரு பற்று வந்து நின்றால் வியாபாரி திகைப்பான். எதிராளி ஏய்க்கிறானோ என்று ஐயுறுவான். மனித உடம்பிலும் இத்தகைய பற்று வருவதுண்டு. அப்பொழுது நாம் நோயாளியை ஐயுறலாமா? சகோதரர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

2020ஆம் ஆண்டில் கோவிட் தொற்று உலகெங்கும் பரவியபோது மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். தொற்றிலிருந்து தேறிய சிலர், 2 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். முதலில் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்நோய் பெரியவர்களுக்கும் வருகிறது என்று அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. இதயம் தளர்ந்தது, வயிறு கலங்கியது, கண் சிவந்தது, தோல் தடித்தது, இரத்த அழுத்தம் இறங்கியது. சோதித்தால் சிலரிடம் கிருமியே அகப்படவில்லை. கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் காவற்படையே அடங்காமல் நின்று உறுப்புகளை அழலச் செய்தது. முதற்தொற்று இலேசாக வந்து போனவர்களும் இவர்களுள் இருந்தனர். இது அரிய நோய்தான். ஆயினும் கவனியாது விட்டால் உயிரைப் பறிக்கும். காலத்தே ஸ்டீராய்டு முதலிய மருந்துகளைப் பெற்றவர்களுள் பெரும்பாலோர் பிழைத்தனர்.

நம் ஈப்போவுக்கு இப்பாடம் முற்றிலும் புதிதன்று. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நிப்பா நோய், நம் நாட்டில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்றது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். அது புதிய கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தார் கண்டது 1999 மார்ச்சில்தான். பிழைத்தவர்களுள் சிலருக்கு மாதங்களும் ஆண்டுகளும் சென்ற பின் மூளை அழற்சி திரும்பியது. அது வேறு வகை நோய். எனினும், தேறியவர் மீண்டும் விழலாம் என்பதற்கு இரண்டுமே சான்று.

இனி நம் கடைக்கு வருவோம். காய்ச்சல் தீர்ந்து ஒரு மாதம் நன்றாக உழைத்த சிப்பந்தி, "முதலாளி, உடம்புக்கு முடியவில்லை" என்கிறான். "போன மாதந்தானே லீவு கொடுத்தேன்!" என்பதே நம் நாவில் முதலில் வருகிறது. ரப்பர்த் தோட்டங்களில் பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றையக் கூலி இல்லை. அங்கே பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பலர் இன்று நகரத்துக் கடைகளில் உழைக்கின்றனர். அவர்களிடம் நாமும் பெரட்டு நியாயம் பேசலாமா?

மறுப்பும் உண்டு. இரண்டே ஆள் உள்ள சிறு கடையில் ஒருவன் படுத்தால் வியாபாரம் நடப்பது எப்படி? பொய் சொல்லி விடுப்பு எடுப்பவன் இல்லையா? உண்டு. ஆனால் தராசில் நிறுத்துப் பார்ப்போம். பொய்யனை நம்பினால் சில நாள் கூலி நட்டம். மெய்யனை நம்பாவிட்டால் ஓர் உயிரே நட்டமாகலாம். அன்றியும், பொய்யா மெய்யா என்று தீர்ப்பது மருத்துவரின் வேலை. அவரிடம் அனுப்புவதே நம் வேலை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவமனையில் சேர்ந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு வகுத்துள்ளது. சட்டம் நாள்களை எண்ணும். அந்த எண்ணிக்கை முடிந்த பின்னும் எழ முடியாதவனுக்கு என்ன செய்வது என்பதை நம் மனசாட்சிதான் சொல்ல வேண்டும். தனிக் கடைக்காரரால் தாங்க முடியாத சுமையைப் பத்துக் கடைக்காரர் பகிர்ந்தால் தாங்கலாகாதா?

ஆகவே நாம் வேண்டுவது இது: தொற்று வந்து மூன்று மாதத்துக்குள் ஒருவருக்குக் கடுங்காய்ச்சலுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வயிற்றுவலி, தடிப்பு, கண்சிவப்பு இவற்றுள் எது கண்டாலும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புக. முன்னர்த் தொற்று வந்த செய்தியை மருத்துவரிடம் சொல்லச் செய்க; சொல்லாவிட்டால் அவர் டிங்கி என்று கருதவும் இடமுண்டு. ஊழியரின் உழைப்பை வரவில் வைக்கும் நாம், அவரது நோயைப் பற்றில் எழுதவும் இசைவோமாக.