நடுவில் வைத்த கை

சோமனூரில் அக்கா வீடு. வீட்டை ஒட்டினாற்போல எட்டு விசைத்தறிகள். கரண்ட் இருக்கும் வரை சத்தம் நிற்காது. அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம், அதோடு தீவிரமான அறிவுசார் குறைபாடு என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். எட்டு வயதிலிருந்து இடது காதுக்கு மேலே தன்னைத்தானே முஷ்டியால் குத்திக்கொள்வான். ஆரம்பித்தால் முப்பது, நாற்பது குத்து. அந்த இடத்தில் தோல் தடித்து முடி முளைப்பதே நின்றுவிட்டது.

அப்போதெல்லாம் அக்கா ஓடிப்போய் அவன் தலைக்கும் முஷ்டிக்கும் நடுவில் தன் கையை வைப்பாள். குத்து அவள் புறங்கையில் விழும். "போதும் கண்ணு, போதும் சாமி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். புறங்கை எப்போதும் கன்றியிருக்கும். ஒருநாள் மாவு கரைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "நான் எத்தனை நாளைக்குடா இப்படி நடுவுல கையக் குடுத்துட்டு இருப்பேன்? எனக்கப்புறம் யாரு குடுப்பா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் வருகிறது.

அவன் முதலில் போன பள்ளியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். துண்டால் இரண்டு கைகளையும் நாற்காலியோடு கட்டிவிடுவார்கள். தெரிந்ததும் எனக்கு ஆத்திரம். சண்டை போடக் கிளம்பினேன். அக்கா தடுத்தாள். "அங்க இருக்கற நேரமாச்சும் அடிபடாம இருக்கான்ல." நான் வாயடைத்துப் போனேன். கட்டுவது தவறு என்பது எனக்குச் சுலபமான நிலைப்பாடு. நான் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். குத்து விழுவது அவள் கையில்.

ஒருவன் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான். அவனைத் தடுக்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் யாரும் சொல்வோம். எதைச் செய்து வேண்டுமானாலும் தடுக்கலாமா என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

அடுத்துச் சேர்த்த பள்ளியில் ஒரு சிறப்பு ஆசிரியை. முதல் நாளே கேட்டார்: "ஏனுங்க சார், எப்படி நிறுத்தறதுன்னு கேக்கறீங்க. எதுக்கு அடிச்சுக்கறான்னு யாராச்சும் பாத்தீங்களாங்க?"

மென்பொருள் துறையில் பத்து வருடம் இருந்தவன் நான். பிழைச்செய்தியைத் திரையில் வராமல் மறைத்துவிட்டால் பிழை சரியாகிவிடாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவன். வீட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் பிரையன் இவாட்டா. 1982இல் அவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பால்டிமோரில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை, மருத்துவக் கண்காணிப்போடு, பதினைந்து பதினைந்து நிமிடம் வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் அடித்துக்கொண்டால் மட்டும் யாராவது வந்து கவனிப்பார்கள். இன்னொன்றில் வேலை கொடுப்பார்கள், அடித்துக்கொண்டால் வேலையை நிறுத்துவார்கள். ஒன்றில் தனியாக விடுவார்கள். மற்றொன்றில் விளையாட்டும் கவனிப்பும் தாராளமாகக் கிடைக்கும். எந்தச் சூழலில் அடி கூடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறியது. அதாவது பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அடிக்குக் காரணங்கள் வேறு வேறு.

1994இல் அதே குழு 152 பேரின் முடிவுகளைத் தொகுத்தது. ஏறத்தாழ 38 சதவீதம் பேர் பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க அடித்துக்கொண்டார்கள். கால்வாசிப் பேர் கவனிப்புக்காகவோ பொருளுக்காகவோ. இன்னொரு கால்வாசிப் பேருக்கு வெளியே யாரும் காரணமில்லை. அந்த அடி தருகிற உணர்வே காரணம். இதற்கு நடுவில், 1985இல், எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் இருவரும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். அடித்துக் கேட்பதை வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொடுத்தால் அடி குறைகிறது.

ஆசிரியை எங்களிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். மூன்று பத்தி: அடிக்கு முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. தறிச் சத்தம்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். மாமா வீடு மாற்றுவதைப் பற்றிக்கூட யோசித்தார். மூன்று வாரம் எழுதிய பிறகு நோட்டைப் பார்த்தால் தறிக்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் பெரும்பாலும் பல் துலக்கும்போதும் சாப்பிட்ட பிறகும். பள்ளியில் எழுத்துப் பயிற்சியின்போது.

பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். இடது கடைவாய்ப்பல் உள்ளுக்குள் சொத்தை. பிடுங்கியதும் வீட்டு அடி பாதிக்குமேல் குறைந்தது. எவ்வளவு நாளாக வலித்ததோ தெரியாது. பல் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தபோது, நாம் அதன் வாயைப் பொத்துவதுபோலக் கையைக் கட்டியிருக்கிறோம்.

பள்ளி அடிக்கு ஆசிரியை ஒரு அட்டை செய்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டும் படம், கீழே 'போதும்' என்ற எழுத்து. முஷ்டி உயரும் முன்பே அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்துத் தர வைப்பார். தந்த உடனே எழுதுவதை நிறுத்திவிடுவார். ஒன்றரை மாதத்தில் அவனாகவே அட்டை தர ஆரம்பித்தான். முதல் வாரம் ஒரு நாளைக்கு நாற்பது முறை தந்தான். பென்சிலைக் கண்டாலே அட்டை.

எனக்குச் சந்தேகம். "இப்படி விட்டா எதையுமே கத்துக்க மாட்டானே?"

"இப்பத்தானுங்க அவன் 'வேண்டாம்'னு சொல்றத நாம கேக்க ஆரம்பிச்சிருக்கோம். நாம நிஜமாத்தான் கேக்கறோம்னு அவனுக்கு நம்பிக்கை வரட்டும். அப்புறம் 'இன்னும் ஒண்ணு, அப்புறம் போதும்'னு கொண்டுபோலாம்" என்றார். அப்படித்தான் கொண்டுபோனார், மாதக்கணக்கில்.

நான் அதுவரை யோசிக்காத இடம் இது. ஒருவனுக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுப்பவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். மதிக்கப்படாத 'போதும்' வெறும் அட்டைதான். இரண்டு நாளில் முஷ்டி திரும்பிவிடும். அவனை மாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். முதலில் மாற வேண்டியிருந்தது நாங்கள்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேன்டன் நகரில், ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையத்தில், இப்படிப்பட்டவர்களின் உடலில் கருவியை மாட்டி, அடித்துக்கொண்டால் மின்னதிர்ச்சி தருகிறார்கள். 2020 மார்ச்சில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கருவியைத் தடை செய்தது. 2021இல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்களில் பெற்றோர்களும் உண்டு. அவர்களைக் கொடூரமானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் கன்றிய கையைப் பார்த்தவன் நான். ஆனால் பல் சொத்தையான ஒரு பையனுக்கு அந்தக் கருவி என்ன செய்யும்? அடி நிற்கும். சொத்தை இருக்கும். வலிக்கிறது என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

அப்படியானால் கையைப் பிடிப்பதே தவறா? அப்படியும் சொல்ல முடியவில்லை. 1964இல் லெஷ், நைஹன் என்ற இருவர் விவரித்த மரபணு நோய் ஒன்று உண்டு. அந்த நோய் உள்ளவர்கள் தங்கள் உதட்டையும் விரல்களையும் கடித்துக் குதறிக்கொள்வார்கள். வலியை முழுதாக உணர்வார்கள், நிறுத்த முடியாது. கையைக் கட்டிவிடுங்கள் என்று அவர்களில் பலர் தாங்களே கேட்பார்கள். அவிழ்த்தால் பயப்படுவார்கள். இங்கே கட்டு கேட்டுப் பெறுகிற உதவி.

நம் ஊரில் கட்டு என்றால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் வருட மனநலச் சட்டம் மனநோய் உள்ளவர்களைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. அறிவுசார் குறைபாடு அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வராது. என் மருமகனைப் போன்றவர்களுக்கு 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு இருக்கிறது, கொடுமையிலிருந்து பாதுகாப்பு என்று. சட்டம் சரி. வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை, கையில் ஒரு துண்டு என்னும்போது அந்தப் பிரிவு எப்படி ஞாபகம் வரும்? ஆள் குறைவு என்பதும் ஒழுக்கப் பிரச்சினைதான்.

பிடிக்கும் கை, கட்டும் துண்டு, சங்கிலி. மூன்றுமே ஒருவனைத் தடுக்கின்றன. யாருடைய நிம்மதிக்காகத் தடுக்கிறோம், தடுத்துக்கொண்டே எதற்காக என்று தேடுகிறோமா, இந்த இரண்டில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. அக்கா கையை நடுவில் வைத்தது சரி. ஆறு வருடமாக நாங்கள் யாரும் அதற்கு மேல் எதையும் கேட்காமல் இருந்தது தவறு.

முழுதாக நின்றுவிடவில்லை. அவனுடைய அடியில் ஒரு பங்குக்கு இன்றுவரை காரணம் பிடிபடவில்லை. ராத்திரி திடீரென்று எழுந்து குத்திக்கொள்வான். அக்கா இன்னும் கையை வைக்கிறாள், முன்பைவிடக் குறைவாக. எனக்கப்புறம் யாரு என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. இப்போதைக்கு நானும் அந்த நோட்டைப் படிக்கக் கற்றிருக்கிறேன்.

போன மாதம் அவனுக்காக டேப்லெட்டில் படங்களைத் தொட்டால் பேசுகிற ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு போனேன். ராத்திரி உட்கார்ந்து அவனுக்குப் பிடித்த படங்களையெல்லாம் ஏற்றியிருந்தேன். ஐந்து நிமிடம் பார்த்தான். பிறகு இடுப்பில் தொங்கும் அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். எனக்கு இன்னும் பத்து நிமிடம் வேண்டியிருந்தது.

டேப்லெட்டை மூடி வைத்தேன்.