ஒட்டலாமா, கூடாதா?

லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்று ஒரு ஊர். அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் 2009ல் ஒரு வீடு கட்டினார்கள். மாடி வீடு. படுக்கை, பாத்ரூம் எல்லாம் உண்டு. ஷவரில் வெந்நீர் வந்தது. டாய்லெட்டில் ஃப்ளஷ் வேலை செய்தது. (புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.) ஒரு பூனைகூட இருந்தது. சுவர், கட்டில், பூனை எல்லாமே குழந்தைகள் விளையாடும் லெகோ பிளாஸ்டிக் கற்கள். மொத்தம் 33 லட்சம். உள்ளே தாங்குவதற்கு மரச்சட்டம் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது. சுமார் ஆயிரம் பேர் சம்பளம் வாங்காமல் வந்து கட்டினார்கள்.

கட்டச் சொன்னவர் ஜேம்ஸ் மே. பி.பி.சி.யில் கார் நிகழ்ச்சி நடத்திப் பிரபலமானவர். பொம்மைகளைப் பற்றிய ஒரு டி.வி. தொடருக்காக இந்த வேலை. ஒரு ராத்திரி அந்த வீட்டிலேயே, அந்த பிளாஸ்டிக் கட்டிலிலேயே படுத்தும் பார்த்தார். சுகமாக இல்லை என்றார். இருட்டில் வெறுங்காலோடு ஒரே ஒரு லெகோ கல்லை மிதித்திருக்கிற எந்த அப்பாவுக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

அப்புறம் என்ன ஆச்சு? லெகோலேண்ட் பார்க் அதை எடுத்துக்கொள்வதாக இருந்தது. பெயர்த்துக் கொண்டுபோக ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துப் பின்வாங்கிவிட்டது. வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டுப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. தோட்டத்துக்காரருக்கு இடம் திரும்ப வேண்டும். அதே வருடம் செப்டம்பரில் இடித்துவிட்டார்கள். கற்கள் தர்மத்துக்குப் போயின.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு பேரேடு திறந்துகொள்ளும். கல் அத்தனையும் முழுசாகத் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப இருப்பு 33 லட்சம் கல். இறுதி இருப்பு 33 லட்சம் கல். தேய்மானம் சொல்லும்படி இல்லை. ஆகவே நஷ்டம், பூஜ்யம். ஆடிட்டர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் நேற்று வரை அங்கே ஒரு வீடு இருந்ததே ஐயா! அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்? வரவிலா, செலவிலா? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னைப் படுத்துகிறது. ஏன் படுத்துகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமான விஷயம்.

முதலில் அந்தக் கல்லைப் பற்றி. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்கிற தச்சர் 1932ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்பதைச் சுருக்கித்தான் லெகோ. 1949லேயே பிளாஸ்டிக் கல் வந்துவிட்டது. ஆனால் அடிப்பக்கம் வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் பிடிப்பு கிடையாது. லேசாக ஆட்டினால் சரிந்துவிடும். 1958ல் அந்தக் கூட்டுக்குள் குட்டிக் குழாய்களை வைத்தார்கள். கீழே இருக்கும் கல்லின் தலைக் குமிழ்கள் மேல் கல்லின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஜனவரியில் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார்கள். மார்ச்சில் ஓலே கிர்க் காலமாகிவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு இருக்கிறது. கவனியுங்கள். ஆணி இல்லை, மறை இல்லை, பசை இல்லை. பிளாஸ்டிக் துளியூண்டு வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் அதே போல வளைந்து கொடுத்து விட்டுவிடுகிறது. விடுவதும் பிடிப்பதும் ஒரே குணம். பிடி கொஞ்சம் கூடினால் குழந்தையால் கழட்ட முடியாது. குறைந்தால் கோபுரம் நிற்காது. அதனால்தான் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தவறாமல் வார்க்கிறார்கள். 1958ல் செய்த கல், இன்று கடையில் வாங்கிய கல்லோடு சேரும். என் போன் சார்ஜர் போன வருடத்துப் போனோடு சேர மறுக்கிறது!

எட்டுக் குமிழ் வைத்த ஒரே நிறக் கல் ஆறு கொடுத்தால் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் தெரியுமா? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம். ஆறே ஆறு கல்லுக்கு!

இதில்தான் பெரியவர்கள் வந்து மாட்டிக்கொண்டார்கள். உலகம் முழுக்க இருக்கிறார்கள். டாக்டர், இன்ஜினீயர், ரிட்டயர்டு ஆசாமிகள். சின்ன வயசில் லெகோவை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கல்யாணம், வேலை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரும்ப வந்து கட்ட உட்காருவார்கள். நடுவில் கட்டாமல் இருந்த வருடங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இருண்ட காலம்'. நாம் அதைத்தான் வாழ்க்கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி ஒருவர் அமெரிக்காவில் ஆண்ட்ரூ கரோல். கம்ப்யூட்டர் இன்ஜினீயர். கிரேக்கத் தீவான ஆன்டிகிதேரா பக்கம் கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு பழங்காலக் கப்பலிலிருந்து 1901ல் துருப்பிடித்த ஒரு வஸ்து கிடைத்தது. பல்சக்கரங்களை வைத்து கிரகணங்களைக் கணிக்கிற யந்திரம், இரண்டாயிரம் வருடப் பழசு என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். கரோல் அதே கணக்கைச் செய்யும் யந்திரத்தை 2010ல் லெகோவில் செய்துவிட்டார். சுமார் 1,500 பாகங்கள், 110 பல்சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் 2024 ஏப்ரல் 8ம் தேதி சூரிய கிரகணம் என்று காட்டியது. அன்றைக்கு மெக்ஸிகோவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டப்பகலில் இருட்டியது. எல்லாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"இதனால் என்ன பிரயோஜனம்? பஞ்சாங்கம் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். பிரயோஜனம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 2014ல் கலிபோர்னியாவில் 12 வயசு மாணவர் ஒருவர், இந்திய வம்சாவளி, 350 டாலர் லெகோ ரோபாட் பெட்டியை வைத்துப் பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் பிரின்டர் செய்தார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு பொழுதுபோக்கைக் காப்பாற்ற இந்த மாதிரி சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பாட்டுப் பாடினால் நுரையீரலுக்கு நல்லது என்று சொல்வது போல இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கூட்டத்தில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. பசை போடக்கூடாது. எவ்வளவு பெரிசாகக் கட்டினாலும் சரி, எத்தனை மாதம் ஆனாலும் சரி, பிடிப்பு கல்லுடையதாகவே இருக்க வேண்டும். கட்டி, போட்டோ எடுத்து, நாலு பேருக்குக் காட்டி, அப்புறம் ஒருநாள் பிரித்து நிறம் நிறமாக டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்ததற்குக் கல் வேண்டுமே.

எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. நேதன் சவாயா என்று நியூயார்க் வக்கீல் ஒருவர். வக்கீல் வேலையை விட்டுவிட்டு லெகோச் சிற்பி ஆகிவிட்டார். தன் மார்பைத் தானே இரண்டு கையாலும் பிளந்து, உள்ளேயிருந்து மஞ்சள் கற்கள் கொட்டுகிற மாதிரி அவர் செய்த உருவம் உலகப் பிரசித்தம். அவர் ஒவ்வொரு கல்லையும் ஒட்டித்தான் அடுக்குகிறார். தேசம் தேசமாகக் கண்காட்சிக்குப் போகிற சிற்பம் வழியில் உதிர்ந்து போனால் என்ன செய்வது? அவர் பக்கத்து நியாயம் அது. விற்கிறவருக்கும் ஊர் ஊராக அனுப்புகிறவருக்கும் பசை வேண்டும். மறுக்க முடியாது.

ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். 2016ல் சீனாவில் நிங்போ நகரத்தில் ஒரு லெகோ கண்காட்சி. 'ஜூடோபியா' படத்தில் வரும் நரியை ஆள் உயரத்துக்குச் செய்து வைத்திருந்தார் ஒருவர். மூன்று பகல், மூன்று ராத்திரி உழைப்பு. மதிப்பு ஒரு லட்சம் யுவான், அன்றைய கணக்கில் நம் பணம் பத்து லட்சம். கண்காட்சி திறந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பொடியன் அதைத் தள்ளிவிட்டுவிட்டான். நரி நொறுங்கித் தரையெல்லாம் கல். பெற்றோர் பதறிப்போய் நஷ்ட ஈடு தருகிறோம் என்றார்கள். அந்தக் கலைஞர் வாங்க மறுத்துவிட்டார். பையன் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்.

அந்தப் பெருந்தன்மையை நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். என் பேரேட்டில் மறுபடி அதே சிக்கல். கல் ஒன்றும் தொலையவில்லை. போனது மூன்று பகல், மூன்று ராத்திரி. ஆனால் அந்த மூன்று ராத்திரியும் நரி விழுவதற்கு முன்னாலேயே செலவாகிவிட்டன. அவர் அவற்றை அனுபவித்து முடித்தாகிவிட்டது. இதைப் பையன் எப்படித் திருடியிருக்க முடியும்? அவன் திருடியது அந்த நரியைப் பார்த்திருக்கக் கூடிய மற்ற ஜனங்களின் சந்தோஷத்தைத்தான். அதற்கு யாருக்கு செக் எழுதுவது?

நம் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். விடிகாலையில் அரை மணி நேரம் குனிந்து கோலம் போடுகிற அம்மா, எட்டு மணிக்குப் பால்காரர் சைக்கிள் அதன் மேல் ஏறிப்போவதை நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சண்டை போட மாட்டார். நாளைக்கு வேறு கோலம். நாம்தான் அப்புறம் புத்திசாலியாகி ஸ்டிக்கர் கோலம் கண்டுபிடித்தோம். ஓரம் கிழிந்து, அழுக்கேறி, ஆறு மாதம் அதே இடத்தில் கிடக்கும்.

இப்போது என் வெட்கக் கதை.

2013 கோடை விடுமுறை. என் மகனுக்கு எட்டு வயசு. சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா ஒரு லெகோ பெட்டி வாங்கி வந்திருந்தார். தீயணைப்பு வண்டி. படத்தைப் பார்த்து அப்படியே கட்டி முடித்தான். இரண்டாம் நாள் அதைக் கலைத்து, அவனாகவே ஒரு தண்ணி லாரி செய்தான். சென்னை தண்ணி லாரி. மேலே மூடி, பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஒரு கிளீனர். பின்னால், கண்ணாடி மாதிரி இருக்கும் நீலக் கல் நாலைந்தை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தான். "இது என்னடா?" என்றேன். "ஒழுகறதுப்பா. எல்லா லாரியும் ஒழுகுமே" என்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன். அன்று ராத்திரி வீட்டுக்கு உறவுக்காரர்கள் குழந்தைகளோடு வருவதாக இருந்தது. கை பட்டு உடைந்துவிட்டால்? அவன் தூங்கின பிறகு உடனடியாக ஒட்டுகிற பசை டியூப் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விட்டேன். நீலக் கல்லுக்கும் சேர்த்து. விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே பாசத்தோடுதான் செய்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

காலையில் அவன் லாரியைக் கையில் எடுத்து நகத்தால் நெம்பிப் பார்த்தான். "அப்பா, கழட்ட வரலியே."

"ஒட்டிட்டேன்டா கண்ணு. இனிமே உடையவே உடையாது."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். "லாரி நேத்தே முடிஞ்சு போச்சேப்பா. இன்னிக்கு அதுலதான் பாலம் கட்டணும்" என்றான். லாரியை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெட்டியில் மிச்சம் இருந்தது சக்கரமில்லாத கற்கள். அந்த விடுமுறையில் அதை அவன் திறக்கவில்லை.

அடுத்த வருடம், 2014ல், லெகோவை வைத்தே ஒரு சினிமா வந்தது. அதன் வில்லனின் திட்டம், உலகத்தையே பசை போட்டு ஒட்டி, எதுவும் கலையாமல் வைப்பது. போகப்போகப் பார்த்தால் அந்த வில்லன் ஒரு அப்பா. மாடிக்குக் கீழே தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய லெகோ நகரத்தைப் பையன் தொடக்கூடாது என்கிற சாதாரண அப்பா. தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயசுக்காரன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பாப்கார்னை நீட்டினான்.

நிங்போ பையன் நரியைக் கலைத்தான், கற்களை விட்டுவைத்தான். நான் லாரியைக் காப்பாற்றி, கற்களைக் கொன்றுவிட்டேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த லாரி இன்றும் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் இருக்கிறது. ஒட்டாமல் விட்டிருந்தால் அது இருந்திருக்காது. அந்த எட்டு வயசுப் பையனும் இப்போது இல்லை, வேறு ஊர் ஹாஸ்டலில் மீசையோடு இருக்கிறான். தூசி தட்டும்போது அந்த நீல ஒழுக்கைப் பார்த்தால் எனக்கு என்னமோ செய்கிறது. ஆக, பசை போட்டது யாருக்காக என்பது தெரிந்துவிட்டது. அவனுக்காக இல்லை.

போன மாதம் லீவில் வந்திருந்தான். எதிர் ஃப்ளாட் பெண் குழந்தை, ஆறு வயசு, விளையாட வந்தாள். பரண் மேலிருந்த பழைய பெட்டியை இறக்கிக் கொடுத்தான். அவள் கற்களைக் கிளறிவிட்டு, "சக்கரம் எங்கே அண்ணா?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நானே அலமாரியிலிருந்து லாரியை எடுத்துக் கொடுத்தேன்.

சமையலறைக் கத்தியை வைத்து நெம்பினான். ஒரு சக்கரம் முழுசாக வந்தது. இன்னொன்று அச்சோடு முறிந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. "ஒண்ணு போதும்" என்று வாங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் காட்டினாள். கட்டடம் கட்டுகிற இடத்தில் கலவை தள்ளிக்கொண்டு போவார்களே, ஒற்றைச் சக்கர வண்டி, அது. உள்ளே சிமென்ட் மாதிரி சாம்பல் நிறக் கல் இரண்டு.

நான் போட்டோ எடுக்க போனைத் தேடி எடுத்து வருவதற்குள் அதைப் பிரித்துவிட்டிருந்தாள்.