தரகும் தந்தையின் கடமையும்

கொல்லிமலையில் நிலத் தரகு செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "ஹஜ்ரத்! 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வீடு சேரும்போது என் 7 பிள்ளைகளும் உறங்கிவிடுகின்றனர். ஒரு கிரயம் முறிந்தால் அடுப்பெரியாது. நிலத்தின் வில்லங்கத்தைச் சொல்லாமல் விட்டால் குற்றமா?"

தரகுக் கூலி ஆகுமானதே. இப்னு ஸீரீன், அதாஉ போன்ற தாபியீன்கள் அதில் குற்றம் காணவில்லை என இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். ஆனால், குறையை வெளிப்படுத்தும் வியாபாரத்திலேயே பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இடையில் நிற்பவருக்கும் இதுவே நியதி. விற்பவர் வெளிவிலை அறியாத மலைவாசியானால், அவரிடமும் உண்மை விலையைச் சொல்லிவிட வேண்டும். கிரயம் கைநழுவலாம், நழுவட்டும். பிள்ளைகள் பலர் என்பது பொய்க்கு அனுமதிச் சீட்டன்று. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

மற்றொன்று: குடும்பத்தாருக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்ற ஸல்மான் (ரலி) அவர்களின் சொல்லை நபிகளார் உண்மைப்படுத்தினார்கள். சோறு மட்டுமா அந்த ஹக்கு? தந்தையின் முகமும்தான். வாரத்தில் ஒருநாளேனும் மலையேறாமல், ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து குர்ஆன் ஓதுவோமாக. வருவாய் சற்றுக் குறையும். வீடு நிறையும், இன்ஷா அல்லாஹ்.